5 வாட்டும் 66 அடி ஒயரும்: மொட்டை மாடியிலிருந்து ஹாம் ரேடியோ

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காக எங்கள் பகுதியில் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு வேலூர் வேலப்பாடியில் எல்லார் முகமும் வாடிக் கிடக்கும். எனக்கு மட்டும் பண்டிகை. முதல் நாள் இரவே பழைய யு.பி.எஸ். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவேன். ஒன்பது அடித்து, ஃபேன் மெல்லச் சுற்றி நின்றதும் மேசை மேலிருக்கும் சின்ன ரேடியோவை ஆன் செய்வேன். முந்தின நாள் 'கொர்ர்ர்' என்று இரைந்துகொண்டிருந்த அதே 40 மீட்டர் அலைவரிசை, பந்தி முடிந்து ஆட்கள் கிளம்பிப் போன கல்யாண மண்டபம் மாதிரி அடங்கிக் கிடக்கும். அந்த அமைதிக்குள் மதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் வீட்டு மாமரம் இந்த வருஷம் ஏன் காய்க்கவில்லை என்று இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அதற்கும் அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி மெலிசாக, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் ஒலி.

அவர்களுக்கு நான் பதில் சொல்வது 5 வாட்டில். எங்கள் கூடத்தில் எரியும் எல்.இ.டி. பல்பு 9 வாட். பல்பில் பாதியை வைத்துக்கொண்டு மதுரைக்கு எப்படிப் பேச முடிகிறது, அதற்கு வீட்டில் என்ன கட்ட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ரேடியோவைத் தொட்டே பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஹாம் ரேடியோ என்றால் என்ன? அரசிடம் உரிமம் வாங்கியவர்கள், தங்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில், காசு பார்க்கும் நோக்கம் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதும் பரிசோதனை செய்துபார்ப்பதும். நடுவில் டவர் கிடையாது, சிம் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. உங்கள் ஒயரிலிருந்து கிளம்பும் அலை நேராக அவருடைய ஒயரில் போய் விழ வேண்டும். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து சேதிகள் வெளியே வந்ததில் அங்கே இருந்த ஹாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். வி.யு.2.ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக் குறி.

கடையில் விற்கிற ஹாம் ரேடியோக்கள் பெரும்பாலும் 100 வாட் தருபவை. அதை விட்டுவிட்டு மோர்ஸில் 5 வாட், குரலில் உச்சமாக 10 வாட் என்று தாங்களாகவே கோடு கிழித்துக்கொண்டு விளையாடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இதற்குப் பெயர் க்யூ.ஆர்.பி. இது தந்திக் காலத்துச் சங்கேதம். 'சக்தியைக் குறை' என்று அர்த்தம். கேள்விக்குறி சேர்த்து அடித்தால் 'குறைக்கட்டுமா?' என்று அர்த்தம். 1 வாட்டுக்கும் கீழே போகிறவர்களும் உண்டு. அது வேறு ரகப் பைத்தியம்.

இருபதில் ஒரு பங்கு சக்தி, இருபதில் ஒரு பங்கு தூரமா?

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. அப்படி இல்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், பயப்பட வேண்டாம்.

ரேடியோவில் வரும் சிக்னலின் பலத்தைக் காட்ட எஸ்-மீட்டர் என்று ஒரு முள் இருக்கும். எஸ்1-லிருந்து எஸ்9 வரை. ஒரு படி ஏற வேண்டுமென்றால் சக்தி நான்கு மடங்கு ஆக வேண்டும். ஒரு படி இறங்கினால் நான்கில் ஒரு பங்கு. டெசிபல் கணக்கில் ஒரு படி என்பது 6. இப்போது 100 வாட்டிலிருந்து இறங்கிப் பாருங்கள்: ஒரு படி இறங்கினால் 25 வாட், இன்னொரு படி இறங்கினால் 6.25 வாட். 5 வாட்டுக்கு வந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளலாம். துல்லியமாகச் சொன்னால் 13 டெசிபல். அதாவது 100 வாட்டில் உங்கள் குரல் மதுரையில் எஸ்7 காட்டினால், 5 வாட்டில் எஸ்5-க்குச் சற்றுக் கீழே காட்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த எஸ்5 போதுமா என்பது அவர் வீட்டில் இருக்கும் இரைச்சலைப் பொறுத்தது. அங்கே இரைச்சல் எஸ்2 என்றால் நீங்கள் பக்கத்து அறையில் பேசுவது போல் கேட்கும். எஸ்6 என்றால் மூழ்கிவிடுவீர்கள். குறைந்த சக்தி ரேடியோவின் சூட்சுமம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காசைக் கொட்டிச் சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் அரைப் படி. அதே காசில் பத்தில் ஒரு பங்கைப் போட்டு ஒயரை ஒழுங்காகக் கட்டினால் அதைவிட அதிகமாகவே கிடைக்கும். வீட்டு இரைச்சலைக் குறைத்தால் கேட்பதில் நான்கைந்து படி கூடக் கிடைக்கலாம், அதுவும் சும்மா.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 5 வாட்டுக்கு மேல் போவது பாவம் என்று நினைக்கும் தீவிரவாதிகள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. புயல் வெள்ளம் என்று வந்து, சேதி போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் 100 வாட்டைத் திருகத்தான் வேண்டும். மற்ற நாட்களில் சும்மா கத்துவானேன் என்பதுதான் என் வாதம்.

மலையைத் தாண்டுவது எப்படி

வேலூரைப் பற்றி ஊரில் ஒரு கிண்டல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை. அந்த மரம் இல்லாத மலைகள்தான் கையடக்க வாக்கி-டாக்கிக்கு எமன். அந்த வகை ரேடியோவின் அலை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். ஊருக்குக் கிழக்கே நிற்கும் கோட்டை மலைகளின் பாறையில் முட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் போகாது.

சிற்றலை (ஷார்ட் வேவ்) அப்படி இல்லை. சுமார் 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற ஒரு காற்றடுக்கு இருக்கிறது. அதற்கு அயனி மண்டலம் என்று பெயர். சிற்றலை அதில் பட்டு வளைந்து கீழே இறங்கும். 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40 மீட்டர் அலைவரிசையில், தாழ்வாகக் கட்டிய ஒயரிலிருந்து கிளம்பும் அலையில் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போய், நாலா பக்கமும் மழை மாதிரி இறங்கும். தலைக்கு மேலிருந்து விழும் மழைக்கு மலை குறுக்கே நிற்க முடியுமா? வேலூரிலிருந்து நேர்க்கோட்டில் பெங்களூரு சுமார் 170 கிலோமீட்டர், மதுரை 350, ஹைதராபாத் 500, திருவனந்தபுரம் 550. இவை எல்லாம் அந்த மழைக்குள் அடங்கிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மால் ஒயரை உயரமாகக் கட்ட முடியவில்லையே என்று வருத்தப்படுகிறோம் இல்லையா, பக்கத்து மாநிலங்களோடு பேச அந்தத் தாழ்வான உயரம்தான் தோது. நூறடி டவர் வைத்திருப்பவரின் அலை தொலைதூரத்துக்குப் பாய்ந்து, சேலத்துக்காரர் தலைக்கு மேலேயே தாண்டிப் போய்விடும்.

நேரம் பார்க்க வேண்டும். பகலில் அயனி மண்டலத்தின் அடியில் டி என்கிற இன்னொரு அடுக்கு உருவாகி, தாழ்ந்த அலைவரிசைகளை உறிஞ்சிவிடும். உச்சிவெயிலில் 40 மீட்டர் சோர்ந்து கிடப்பது அதனால்தான். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரையும், மாலை நாலரைக்கு மேலும் நன்றாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு கரைந்துபோய், அதே ஒயரில் தூரதேசத்துக் குரல்கள் வர ஆரம்பிக்கும். கூடவே எங்கெங்கோ இடிக்கும் இடியின் கடகடப்பும் வரும். 14 மெகாஹெர்ட்ஸ் பிற்பகலிலும் மாலையிலும் தூரத்துக்கு நன்றாகத் திறக்கும். 28 மெகாஹெர்ட்ஸ் சூரியனின் தயவில் இருக்கிறது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறையும். இப்போதைய சுற்று 2019 டிசம்பரில் தொடங்கி 2024 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. அந்த மாதிரி ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மூன்று வாட்டே கண்டம் தாண்டும். சுற்று இறங்கும்போது அந்த அலைவரிசை நாள்கணக்கில் மௌன விரதம் இருக்கும்.

ஒயர் கட்டுதல்

ஆன்டெனா என்றால் ஏதோ பெரிய சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். டைபோல் என்பது நடுவில் வெட்டிய ஒரு ஒயர். நீளத்துக்கு ஒரே சூத்திரம்தான்: 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அடியில் விடை வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 66 அடி. நடுவில் வெட்டினால் ஒரு கைக்கு 33 அடி. வெட்டிய இடத்தில், ரேடியோவிலிருந்து வரும் கேபிளின் உள்கம்பி ஒரு கைக்கும், வெளிப் பின்னல் இன்னொரு கைக்கும் போகும். முடிந்தது.

லாங் பஜாரில் ஒயர் வாங்கப் போனபோது கடைக்கார அண்ணன், "வீட்டு ஒயரிங்கா? எத்தனை பாயின்ட்?" என்றார். "ரெண்டே பாயின்ட் அண்ணே, ரெண்டும் ஆகாசத்துல" என்றேன். 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரே தாராளம். நடுவிலும் இரண்டு முனைகளிலும் இன்சுலேட்டருக்கு ஒரு சாண் பி.வி.சி. பைப்பைத் துண்டு போட்டு ஓட்டை போட்டுக்கொள்ளலாம். கயிற்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதலில் வாங்கிய மலிவு பிளாஸ்டிக் கயிறு ஒரே கத்திரி வெயிலில் பொடியாகி, கையில் பிடித்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. வேலூர் வெயிலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

இட விஷயத்துக்கு வருவோம். அரை கிரவுண்டு மனை என்றால் 30-க்கு 40. மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். 66 அடி ஒயரை நேராக எங்கே இழுப்பது? இழுக்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சவுக்குக் கம்பை நட்டு, ஒயரின் நடுப்பகுதியை அதன் உச்சியில் கட்டுங்கள். இரண்டு கைகளையும் குடிசைக் கூரை மாதிரி எதிரெதிர் மூலைகளுக்குச் சரித்து இறக்குங்கள். நடுக்கோணம் 90 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மிச்சமிருக்கும் ஐந்தாறு அடியைக் கைப்பிடிச் சுவரோரமாகப் பக்கவாட்டில் மடக்கிக் கட்டிவிடலாம். ஒயரில் மின்னோட்டம் அதிகமாக ஓடுவது நடுப்பகுதியில்தான், அலையை வீசுவதும் முக்கியமாக அந்தப் பகுதிதான். அதனால் நடு உயரமாக இருந்தால் முனைகள் கோணல்மாணலாக இருப்பது பெரிய நஷ்டமில்லை. மாடி 20 அடி, அதன் மேல் தொட்டி, அதன் மேல் கம்பு என்று எங்கள் வீட்டில் நடுப்புள்ளி சுமார் 35 அடியில் இருக்கிறது.

ஒயரை முதலில் கைக்கு ஓர் அடி கூடவே விட்டு வெட்டுங்கள். பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்ற கருவியை ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். ரேடியோ அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஒயருக்குள் போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது சொல்லும். 1 என்றால் எல்லாம் போகிறது. 1.5 நல்லது. 2-க்குள் இருந்தால் கவலை இல்லை. எனக்கு முதல் அளவில் மீட்டர் மிகக் குறைவாகக் காட்டியது 6.85 மெகாஹெர்ட்ஸில். வேண்டியது 7.1. மீட்டர் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில்தான் ஒயர் ஒத்திசைகிறது. அது வேண்டியதைவிடத் தாழ்வாக இருந்தால் ஒயர் நீளம் கூடிவிட்டது என்று அர்த்தம். 34 அடியை 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 32.8 வரும். ஒவ்வொரு கையிலும் சுமார் 14 அங்குலம் குறைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் சூத்திரம் சொல்லும் நீளத்தைவிடச் சற்றுக் குறைவிலேயே ஒத்திசையும் என்பதால் இந்த 32.8 வந்தது. கத்திரியை எடுக்காதீர்கள். முனையை மடித்து அதே ஒயரோடு சேர்த்து முறுக்கினால் போதும், குறைத்தது மாதிரிதான். தப்பாகிவிட்டால் பிரித்துக்கொள்ளலாம்.

கேபிளுக்கு நான் கேபிள் டிவிக்காரர்கள் போட்டுவிட்டுப் போன மிச்சத்தைப் பயன்படுத்தினேன். அது 75 ஓம். ஓம் என்பது அலை சந்திக்கும் தடையின் அளவு, கேபிளுக்கும் ஒயருக்கும் அது ஓரளவு ஒத்துப்போக வேண்டும். டைபோலின் மையம் திறந்த வெளியில் சுமார் 73 ஓம். கூரை மாதிரிச் சரித்தால் 50 பக்கம் வரும். எதுவாக இருந்தாலும் இந்தக் கேபிள் தாராளமாகச் சமாளிக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் பத்துப் பதினைந்து மீட்டர் கேபிளில் ஏற்படும் இழப்பும் சொற்பம். ஒரே சிக்கல், அதன் வெளிப் பின்னல் அலுமினியம். சால்டர் ஒட்டாது. இது தெரியாமல் அரை மணி நேரம் சால்டரிங் அயர்னை வைத்துத் தேய்த்து, பின்னல் கறுத்து, உள்ளே இருந்த வெள்ளை நுரை உருகியதுதான் மிச்சம். பின்னலை முறுக்கி, வாஷர் வைத்து, நட்டு போல்ட்டில் இறுக்குங்கள். மேலே எம்-சீல் அப்பி மழை இறங்காமல் அடைத்துவிடுங்கள். இணைப்புக்கு அடியிலேயே கேபிளை ஒரு சாண் அகல வளையமாக எட்டுப் பத்துச் சுற்று சுற்றிக் கட்டிவிட்டால், கேபிளின் வெளிப்புறம் வழியாக அலை திரும்பி வீட்டுக்குள் இறங்குவது குறையும்.

கட்டி முடித்த மூன்றாம் நாள் மீட்டர் திடீரென்று 3 காட்டியது. இணைப்பு போச்சு என்று மாடிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு ஆயா என் ஆன்டெனாவின் தெற்கு முனையில் இரண்டு ஈரப் புடவைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்குப்பா இம்மாம் நீளத்துக்குக் கொடி கட்டிக்கினு கீற? நல்லாத்தான் கீது" என்று பாராட்டு வேறு. முனையில் மின்னழுத்தம் அதிகம். அங்கே ஈரத் துணி தொட்டால் ஒயர் நீண்டுபோன மாதிரி ஆகி, ஒத்திசைவு கீழே இறங்கிவிடும். பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் தேவைப்படும். எனக்குப் புடவையை எடுத்ததும் புரிந்தது. பேசும்போது அந்த முனையைத் தொட்டால் 5 வாட்டிலும் சுருக்கென்று சுடும் என்பதால், அதற்கப்புறம் முனைகளை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிவிட்டேன்.

செங்குத்தாக ஒரே ஒரு கம்பு நட்டால் இடம் மிச்சமாகுமே என்று தோன்றும். அந்த வகை ஆன்டெனாவுக்குப் பூமிதான் இன்னொரு கை. நம் ஊர் மண்ணுக்கு அடியில் பாறை. மேலேயோ பாதி வருஷம் காய்ந்த தரை. மின்சாரத்தைக் கடத்தும் சமாசாரமே இல்லை. தரையில் நிறைய ஒயர்களைச் சிலந்தி வலை மாதிரிப் பரப்பினால்தான் வேலை செய்யும். டைபோலுக்கு இந்தத் தொல்லை குறைவு.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் 28 மெகாஹெர்ட்ஸ் டைபோலைப் பால்கனியோரமாகக் கட்டலாம். மொத்தமே பதினாறரை அடிதான். அதற்கும் வழியில்லை என்றால் வாக்கி-டாக்கி ரகமான 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர் சைக்கிள் கம்பி ஒன்றைச் செங்குத்தாகவும், நான்கைக் கீழே விரித்தும் ஒரு கனெக்டரில் பொருத்தினால் ஆன்டெனா தயார். மலை மறைக்கும் என்றேனே, வானத்தை எந்த மலையும் முழுக்க மறைப்பதில்லை. தலைக்கு மேல் போகும் சர்வதேச விண்வெளி நிலையம் ஹாம்களுக்காக 145.800-ல் அனுப்புவதை இந்தக் கம்பியால் பிடிக்கலாம். ஹாம்களுக்கென்றே இந்தியா ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. 2014 வரை அது உழைத்தது.

இரைச்சலைத் தேடி

ஒயர் நன்றாக இருந்தும் எங்கள் வீட்டில் எப்போதும் எஸ்7 இரைச்சல். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்தான் காரணம் என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, எங்கள் வீட்டு மெயினை அணைத்தேன். முள் எஸ்3-க்கு விழுந்தது. அப்புறம் மெயினைப் போட்டு, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். செல்போன் சார்ஜர் கொஞ்சம், செட்-டாப் பாக்ஸ் கொஞ்சம். கடைசியில் பெரிய குற்றவாளி அகப்பட்டது: என் பெண் ஆசையாக வைத்திருந்த மீன்தொட்டியின் எல்.இ.டி. விளக்குக்கான அடாப்டர். இந்த மாதிரி மலிவு அடாப்டர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் குறைக்கின்றன. அந்த வெட்டுதான் ரேடியோவில் இரைச்சலாகக் கேட்கிறது. பழைய மாடல் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். மீன்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தெருவே இருளும் நாளில் எஸ்1. அதனால்தான் ஆரம்பத்தில் பண்டிகை என்றேன். வானியல்காரர்களுக்கு இது புதிதல்ல. நட்சத்திரம் பார்க்க நகர வெளிச்சம் தடை என்றுதான் 1960-களின் இறுதியில் பழைய வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையில் வானாய்வகம் அமைக்கக் காவலூரைத் தேடிப் போனார்கள். ரேடியோவுக்கும் அப்படி ஓர் இருட்டு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் பிரியாணி பார்சல் கட்டிக்கொண்டு ஏலகிரி ஏறி, ஒரு மரத்தில் ஒயரை வீசிப் பாருங்கள். அதே ரேடியோதானா என்று சந்தேகம் வரும்.

பேசும் விதம்

குரலை அனுப்ப சுமார் 2,400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு நூற்றைம்பதே போதும். அதே 5 வாட் குறுகிய சந்தில் குவியும்போது, கேட்பவர் மற்ற இரைச்சலை வடிகட்டிவிட முடியும். க்யூ.ஆர்.பி.காரர்கள் மோர்ஸை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பழமைப் பாசம் மட்டும் காரணம் இல்லை. விடைபெறும்போது ஹாம்கள் வழக்கமாக 73 என்பார்கள். இவர்கள் மட்டும் ஒன்றைக் குறைத்து 72 என்பார்கள்.

மோர்ஸ் வராது என்பவர்களுக்கு எஃப்.டி.8 இருக்கிறது. கணினி 15 நொடிக்கு ஒரு முறை குட்டிச் சேதியை 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்பும், காதுக்கே எட்டாத சிக்னலையும் பிரித்தெடுக்கும். 2017-ல் இதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜோ டெய்லர் 1993-ல் இயற்பியல் நோபல் பெற்றவர். அவர் அதற்கு முன்பே செய்த விஸ்பர் என்ற முறையில் 0.2 வாட்டில் அனுப்பிவிட்டு, உலகத்தில் எங்கெங்கே கேட்டது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒயரைச் சோதிக்க அற்புதமான வழி. ஆனால் பேச்சு இருக்காது. மாமரம் காய்க்காத கதை எஃப்.டி.8-ல் வராது, எனக்கு அந்தக் கதைதான் வேண்டும்.

5 வாட் குரலில் பேசுபவர் நீட்டி முழக்கி அழைத்துக்கொண்டிருப்பது வீண். பலமாகக் கேட்கும் ஒருவர் 'சி.க்யூ.' என்று பொதுவாக அழைத்து முடித்ததும், உங்கள் அழைப்புக் குறியை ஒரே முறை தெளிவாகச் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு நன்றாகக் கேட்டால் நீங்களும் அவருக்கு ஓரளவு கேட்பீர்கள். கும்பலாக எல்லாரும் கத்தும்போது கத்தாதீர்கள், அது அடங்கும் அந்த ஒரு நொடி இடைவெளியில் சொல்லுங்கள். 'க்யூ.ஆர்.பி.' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பல பேர் மற்றவர்களை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்பார்கள்.

ரேடியோவுக்கு நம் நாட்டிலேயே ஒரு பெருமை உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003 வாக்கில் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற ஆறு வாட் ரேடியோ, உலகம் முழுக்க மேசைகளில் கட்டப்பட்டது. கிடைக்காத விலை உயர்ந்த பாகங்களைக் கேட்காமல், கம்பிச்சுருளைச் சுற்ற தண்ணீர்க் குழாய் வாஷரையே பயன்படுத்திய வடிவமைப்பு அது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யு.பி.எஸ். பேட்டரி ஒன்று இந்த மாதிரி ரேடியோவை ஒரு காலைப் பொழுது முழுக்கத் தாராளமாக ஓட்டும்.

இதையெல்லாம் செய்ய உரிமம் கட்டாயம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஹாம் அலைவரிசை வாக்கி-டாக்கியை உரிமம் இல்லாமல் வாங்கி அமுக்கிப் பார்ப்பது சட்டப்படி குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை 12 வயது முடிந்த யாரும் எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும்தான் பாடம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. முதல் நிலைக்கு மோர்ஸ் வேண்டாம். விண்ணப்பம் அந்தத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். அதுவரை நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ரிசீவரில் காது பழக்கலாம்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. ஈ.பி. கம்பி போகும் பக்கம் ஒயரை வீசாதீர்கள். அறுந்து விழுந்தாலும் அதன்மேல் படாத தூரத்தில் கட்டுங்கள். இரண்டாவது இடி. இங்கே வெயில் கொளுத்திய நாளின் மாலையில் அரை மணியில் வானம் கறுத்துவிடும். கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும், முடிந்தால் ஒயரையும் இறக்கிவிடுவது நல்லது. நான் ஜவ்வாது மலைப் பக்கம் கறுப்பதைப் பார்த்ததுமே மாடிக்கு ஏறிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிடுவேன். ஆயாவும் தன் துணிகளை எடுக்க அதே நேரத்துக்கு மேலே வருவார். "மழை உட்டதும் மறுபடியும் கட்டுவ இல்ல? அந்தாண்ட முனையை மட்டும் கொஞ்சம் எறக்கிக் கட்டுப்பா, எனக்கு எட்ட மாட்டேங்குது" என்பார்.